முருகைக்கல்லும் குலப்பழியும்

புங்குடுதீவின் மேற்கோரத்திலுள்ள குறிகட்டுவான் துறையிற் படகேறி நெடுந்தீவுக்குச் செல்வோர், அங்கு மருத்துவமனைக்கு அண்மையில், மாடிச் சுவர்களிற் பாதி சரிந்து, எஞ்சிய பாதி உப்புக்காற்றுக்கு ஈடுகொடுத்து நிற்கும் பழைய கோட்டையைக் கண்டு, அதனைக் கட்டியவர் பறங்கியராகிய போர்த்துக்கேயரா ஒல்லாந்தரா என்று வினவித் திரும்புவதே வழக்கமாயிருக்கின்றது. கட்டியவர் யாரென்ற வினாவுக்கு விடை கூறுவது எளிது. அந்நியர் இக்கரையில் கற்கோட்டை எழுப்புதற்குரிய வழியை யார் திறந்துவிட்டார் என்று கேட்போமாயின், விடையைத் தேடி நாம் நல்லூர் அரண்மனையின் உள்வீட்டுக்குட் புகவேண்டியவராவோம். அங்கே அண்ணனைத் தம்பியும், உறவினனை உறவினனும் மாய்த்த கதை ஒன்றன்று, இரண்டு தலைமுறைக் கதைகள் நமக்காகக் காத்திருக்கின்றன.

முதலிற் கல்லைப் பார்ப்போம். சப்த தீவுகள் என்று பெயர்பெற்ற இத்தீவுகளிற் கருங்கல் மலையில்லை, ஆறில்லை, மரஞ்செறிந்த காடும் இல்லை. மண்ணைச் சிறிது கிளறினால் வெளிப்படுவது முருகைக்கல்லே. கடலில் எண்ணிறந்த சிற்றுயிர்கள் யுகயுகாந்தரமாகத் தம் உடற்கூடுகளை அடுக்கி விட்டுச்சென்ற அக்கல்லை ஒரு துண்டு கையிலெடுத்து வெயிலிற் பிடித்தால், தேனடையின் அறைகளைப்போல் நுண்ணிய துளைகள் வரிசை வரிசையாய்த் தோன்றும். இடையிடையே ஒரு சிப்பியின் விளிம்போ, சங்கின் சுருளோ கல்லோடு கல்லாய் இறுகிக் கிடக்கும். தோண்டியெடுத்த புதிதில் ஈரமும் மென்மையும் உடையதாகையால், கோடரி கொண்டே அதனை வேண்டிய அளவுக்குச் சதுரித்து விடலாம். காற்றும் வெயிலும் பட்டபின் அது இறுகித் தலைமுறைகளுக்கு நிற்கும். கழிந்த துண்டுகளும் வீணாவதில்லை. சூளையில் விறகோடு அடுக்கிச் சுட்டு, நீரூற்றிப் பூக்கவைத்தால் அதுவே சுண்ணாம்பு. இவ்வாறு சுவருக்குக் கல்லும் கல்லை ஒட்டும் சாந்தும் ஒரே நிலத்திலிருந்து கிடைத்தன. நெடுந்தீவிற் சாந்தேதுமின்றிக் கல்லின்மேற் கல்லை அடுக்கி எழுப்பிய வேலிகள் காணிகளுக்கிடையே இன்றும் நெடுந்தூரம் ஓடுகின்றன. ஒரு வேலியின் முன் நின்று, ஒவ்வொரு கல்லும் தன் அயற்கல்லின் வளைவுக்கு இணங்கத் தேர்ந்து வைக்கப்பட்டிருப்பதைப் பார்ப்பவர், கல் தோண்டி வாழ்ந்த குடிகளின் கைத்திறத்தை எந்தச் சாசனமுமின்றியே அறிந்துகொள்வர்.

இனி அரண்மனைக்குச் செல்வோம். ஒல்லாந்தத் தேசாதிபதி ஒருவரின் விருப்பத்துக்கிணங்க மாதகல் மயில்வாகனப் புலவர் 18ஆம் நூற்றாண்டில் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலை, பரராசசேகர மன்னனின் குடும்பத்தை நம் கண்முன் நிறுத்துகின்றது. பட்டத்துத் தேவியின் மக்கள் சிங்கவாகு, பண்டாரம் என்போர். இரண்டாந் தேவியின் மகன் பரநிருபசிங்கன். வேறொருத்தி வயிற்றிற் பிறந்தவன் சங்கிலி. அரசுரிமைக்குத் தனக்கு முன்னே நின்ற சிங்கவாகுவை நஞ்சூட்டி மாய்த்த சங்கிலி, பின்னர்ப் பண்டாரத்தையும் ஆயுதத்துக்கு இரையாக்கி, வைத்தியத்திற் கைதேர்ந்த பரநிருபசிங்கன் கண்டியரசன் தேவியின் நோயைத் தீர்க்கச் சென்றிருந்த வேளையில் ஆட்சியைத் தன்வயமாக்கிக் கொண்டானென்பது அந்நூல் தரும் வரலாறு. ஒரே கூரையின் கீழ், ஒரே தந்தையின் மக்களிடையே நடந்த கொலைகள் இவை. மைந்தரை இழந்த முதிய தந்தை யாது செய்தான் என்பதை விரித்துரைக்க அக்காலத்து ஏட்டாசிரியர் எவரும் முற்படாமை என் மனத்தை என்றும் உறுத்துவதொன்றாகும். நாடாள்வோன் மாறிய செய்தியே அவர்களுக்குப் பெரிதாய்த் தோன்றிற்று.

வைபவமாலை இரண்டு சங்கிலிகளை ஒருவனாக்கிச் சுருக்கிவிட்டது என்பதை, போர்த்துக்கேயப் பாதிரியார் கெய்றோஸ் எழுதிய பெருநூல் முதலியவற்றோடு ஒப்பிட்ட நம்மறிஞர் தெளிவாக்கினர். அத்துறையில் முதலியார் இராசநாயகத்தின் உழைப்பும், நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசரின் உழைப்பும் என்றும் நன்றியுடன் நினைக்கத்தக்கன. அவர்கள் காட்டிய வழியே பார்த்தால், முதற் சங்கிலி 1519 முதல் 1561 வரை ஆண்டவன். 1544இல் மன்னாரிற் கிறிஸ்தவரானோர் அறுநூற்றுவர் வரை கொல்லப்படக் காரணனாயிருந்தவன். மதம் மாற விழைந்த தன் மூத்த மகனையே கொல்வித்தான் என்று பறங்கியர் எழுதிவைத்தது இவனைப் பற்றித்தான். இரண்டாம் சங்கிலியோ அவனுக்கு அரை நூற்றாண்டு பிற்பட்டவன். இவன் செய்த கொலையே நம் தீவுகளின் தலைவிதியை மாற்றியது.

1591இல் அந்திரே பூர்த்தாடோவின் படை நல்லூரைத் தாக்கி, ஆண்ட மன்னனைக் கொன்று, தமக்கு அடங்கியவனாக எதிர்மன்னசிங்கனை அரியணையில் ஏற்றிற்று. அம்மன்னன் 1617இல் இறந்தபோது அவன் மகன் மூன்று வயதுக் குழந்தை. குழந்தைக்காக அரசகாரியங்களைப் பார்க்கும் பொறுப்பு மன்னனின் சகோதரனான அரசகேசரியிடம் சேர்ந்தது. இரகுவம்சத்தைத் தமிழிற் பாடிய அரசகேசரியின் பெயரையே இவனும் தாங்கியிருந்தான் என்பது தமிழ் படித்தவர் நெஞ்சை இச்செய்தியிடத்து ஒரு கணம் நிறுத்தும். மன்னனின் மருமகனான சங்கிலி குமாரன் என்னும் இரண்டாம் சங்கிலி, அரசகேசரியையும், உரிமை கோரக்கூடிய அரசகுலத்து இளவரசர்களையும் கொன்றொழித்துத் தானே அதிகாரத்தைக் கைப்பற்றினான். போர்க்களத்தில் விழுந்தவர்களாயின் வீரசொர்க்கம் புகுந்தார் என்று ஆறுதல் கொள்ளலாம். இவர்களோ தம் இல்லத்திலேயே, தம் உறவினனாலேயே மாய்க்கப்பட்டவர்கள்.

இரத்தத்தாற் பெற்ற அரசுக்குக் குடிகளின் அன்பு துணைநிற்கவில்லை. மறு ஆண்டிலேயே கிறிஸ்தவராயிருந்த முதலிமார் சிலர், மீகாப்பிள்ளை ஆராச்சி முன்னிற்கக் கிளர்ந்தெழ, சங்கிலி நல்லூரை விட்டோடி ஊர்காவற்றுறையில் ஒளிக்க நேர்ந்தது. அத்துறையின் பழம்பெருமையை நாமறிவோம். 12ஆம் நூற்றாண்டிற் பராக்கிரமபாகு மன்னன் நயினாதீவில் நாட்டிய தமிழ்க் கல்வெட்டு, ஊராத்துறை எனப்படும் அத்துறைக்குப் பரதேசிகள் வந்து தங்குக என்றும், யானை குதிரை கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் நாலிலொரு பங்கு பண்டாரத்துக்கும் மூன்று பங்கு உடையவனுக்கும் ஆகுக என்றும் விதிக்கின்றது. அந்நியனின் உடைந்த கலத்துக்கும் நீதி வகுத்திருந்த அதே துறைக்கு, ஐந்நூறாண்டு கழித்துத் தன் குலத்தை மாய்த்த ஒருவன் ஒளிவிடம் தேடி வந்தான்.

பறங்கியரின் முழு ஒப்புதல் கிட்டாமற்போகவே, சங்கிலி தஞ்சை நாயக்கரின் படையுதவியை நாடினான்; மலையாளக் கரையின் கடற்படையினரான குஞ்ஞாலிகளது கலங்களுக்கு நெடுந்தீவைத் தங்குமிடமாக விட்டுக்கொடுத்தான். பாக்குநீரிணை வழியே செல்லும் தம் கப்பல்களுக்கு இதனால் அச்சம் நேர்ந்தது என்ற காரணம் போர்த்துக்கேயருக்குப் போதுமாயிற்று. 1619 ஜூனிற் கடல்வழி வந்த படையைக் குஞ்ஞாலிகள் முறியடித்தனர் எனினும், பிலிப் தெ ஒலிவேறாவின் தலைமையிற் தரைவழி வந்த படை நல்லூரைக் கைக்கொண்டது. சங்கிலி குடும்பத்தோடு பிடிபட்டுக் கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 1623இல் மரணதண்டனைக்கு ஆளானான். எஞ்சிய அரசகுலத்தினரைத் துறவு மடங்களிற் சேருமாறு பறங்கியர் ஊக்கினர், பெரும்பாலோர் அதற்கிணங்கினர், வாரிசுரிமை கோர ஒருவரும் எஞ்சவில்லை. சங்கிலியின் கத்தி தொடங்கிய வேலையை வெற்றியாளரின் மடங்கள் முடித்துவைத்தன.

1621இல் ஒலிவேறா நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தான். அதன் கற்கள் யாழ்ப்பாணக் கோட்டைக்குச் சென்றன. மூலஸ்தானத்தைத் தாங்கிய கல் காவலரணைத் தாங்கப் போயிற்று. போதாததற்கு முருகைக்கல் வேண்டியிருந்தது. முருகைக்கல்லைத் தோண்டவும் சுமக்கவும் சுடவும் மனிதர் வேண்டியிருந்தனர். ஊழியம் என்ற பெயரிற் குடிகளைக் கூலியின்றி வேலைவாங்கும் வழக்கம் ஒல்லாந்தர் காலத்தில் எவ்வளவு கொடிதாய் முற்றிற்றென்பது குடாநாட்டார் யாவரும் அறிந்ததே. 1680 அளவில் ஒல்லாந்தர் அக்கோட்டையை ஐங்கோண வடிவில் திரும்பக் கட்டி, 1792இற் புற அரண்களை நிறைவுசெய்தனர். 1795இல் அதனை ஆங்கிலேயரிடம் விட்டுச்சென்றனர். நூறாண்டுக்கு மேலாக நீண்ட அவ்வேலையின் ஒவ்வொரு கல்லும் யாரோ ஒரு கல்வெட்டியின் முதுகிலேறி வந்தது. நஞ்சூட்டியவனுக்கும் அரியணை விழைந்தவனுக்கும் வரலாற்றிற் பெயருண்டு. அவர்கள் செய்த பழியின் விலையைத் தம் உடலாற் கொடுத்த இத்தொழிலாளருக்குப் பெயரில்லை என்பதே இவ்விடிபாடுகளைக் காணுந்தோறும் என்னைத் துன்புறுத்துவது.

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே நீரினடுவில் நிற்கும் கடற்கோட்டையும் இவ்வகைக் கல்லாலாயதே. 1658இல் ஒல்லாந்தர் அதனை முற்றுகையிட்டபோது, பீரங்கியிலும் பார்க்கத் தாகமே உள்ளிருந்தோரை வென்றது. நாற்புறமும் உப்புநீர் சூழக் குடிநீரின்றி அவர்கள் பணிந்தனர். அதன்பின் தீவுகளுக்கெல்லாம் தம் நாட்டு நகரங்களின் பெயரைச் சூட்டிய ஒல்லாந்தர், புங்குடுதீவை மிடில்பேர்க் என்றனர். பெயர் அவர்களது ஆவணங்களோடு போயிற்று. ஊர் தன் பழம்பெயரோடே நிலைத்தது.

நல்லூரில் அரசகுலத்தின் எச்சமாக மக்கள் காட்டுவன யமுனா ஏரியும், சங்கிலித்தோப்பு வளைவும், மந்திரிமனையுமே. பின்னிரண்டின் கட்டட அமைப்பிற் பிற்காலத்துச் சாயலே மேலோங்கி நிற்றலின், கொலை நிகழ்ந்த அரண்மனையின் சுவரென்று துணிந்து காட்டத்தக்க ஒன்று ஆங்கில்லை. ஆகவே அவ்வரசின் கல்லைத் தேடுவோர் பகைவரின் கோட்டைக்கே செல்லவேண்டும். அண்மைக்காலப் போரிற் சிதைந்து, போர் ஓய்ந்தபின் திருத்தப்பட்டுவரும் யாழ்ப்பாணக் கோட்டையிற் கோயிற் சிற்ப வேலைப்பாடுள்ள கற்கள் முருகைக்கற்களிடையே வெளிப்படுகின்றன. அவை ஒவ்வொன்றையும் அளந்து, வரைந்து, இன்ன மதிலில் இன்ன வரிசையிற் கண்டதென்று பதிந்து வைத்தல் தொல்பொருட்டுறையினர் தாமதியாது செய்யவேண்டிய கடமை. நெடுந்தீவுக் கோட்டையின் மாடிச் சுவரையும் அவ்வாறே காத்தல் வேண்டும். அதற்கான கல்வேலை அறிந்த முதியோர் தீவுகளில் இன்னும் சிலர் இருக்கின்றனர்; பொறியியலாளர் திட்டம் வரையுமுன் அவர்களை அழைத்து, எந்தக் கல்லை எப்பக்கம் கிடத்துவதென்று கேட்பாராயின் வேலை செம்மைப்படும்.