அடைக்கோழி

காவிரிக்கரைப் பரமத்தி வேலூரில் எங்கள் வீட்டுக் கோழிகள் இருவகை: அம்மாவின் சிறுவிடை, அப்பாவின் பெருவிடை. நாமக்கல் பண்ணைகளின் வெள்ளை லெகார்ன்கள் ஆண்டுக்கு 300 முட்டைவரை இடும். அடையில் அமர்வதோ அரிது.

பெருவிடைப் பெட்டை ஒருமுறை தன் எடையாலேயே முட்டைகளை மிதித்து உடைத்தது. மிஞ்சிய ஐந்தை அம்மா சிறுவிடைக்கு அடைவைத்தார். 21ஆம் நாள் நாங்கள் கூடையைச் சுற்றி நிற்க, ஐந்தும் பொரிந்தன. இறகுக்குள் அடங்காமல் வளர்ந்த பின்னும், பருந்தின் நிழல் கண்டால் தலையை மட்டுமாவது அங்கே நுழைத்துக்கொண்டன.

சேவல்கள் நல்ல விலைக்குப் போயின. அடுத்த விருந்துக்கு அப்பா சிறுவிடையைக் கேட்டார்.

"ஏனுங்க, குஞ்சுக்கு வெல வெச்சீங்க, சூட்டுக்கு என்ன வெல வெப்பீங்க?" என்றார் அம்மா.

அப்பா பேசவில்லை. அன்று நாங்கள் விருந்தினருக்கு இட்டது, பண்ணையில் வாங்கிய முட்டையில் வைத்த குழம்பு.