பவுன் தெருவில் ஒரு ஜன்ம நட்சத்திரம்

நியூயார்க்கின் 7ஆம் எண் ரயில், ஃபிளஷிங் மெயின் ஸ்ட்ரீட் நிலையத்தோடு நின்றுவிடுகிறது. அங்கிருந்து நடந்தால் பவுன் தெருவில் கோபுர தரிசனம். 1977ஆம் ஆண்டு, அமெரிக்கச் சுதந்திரத் திருநாளான ஜூலை 4 அன்று கும்பாபிஷேகம் கண்ட ஸ்ரீ மகா வல்லப கணபதி ஆலயம் இது.

ஒரு பருவம் மட்டும் பயில வந்த மாணவி ஒருத்தி, புரட்டாசி ஹஸ்தத்தில் பிறந்தவள், சனிக்கிழமை காலை அர்ச்சனைத் தட்டுடன் நிற்கிறாள். புரட்டாசிச் சனி வேறு! தஞ்சையிலிருக்கும் பாட்டியாருக்கோ கவலை: "ஞாயிறுதானே ஹஸ்தம்? நாள் பிசகிவிட்டதே!"

கவலை நியாயமே, ஆயினும் பிசகு இல்லை. தஞ்சையில் சனி நண்பகலில் தொடங்கும் நட்சத்திரம் ஞாயிறு நண்பகல் வரை நிற்கும். ஆகவே ஞாயிறு உதயத்தில் உண்டு. அது தொடங்கும் வேளையில் நியூயார்க்கில் சனி பின்னிரவு 2.30 மணி. ஞாயிறு உதயத்துக்கு முன்பே அங்கே ஹஸ்தம் விலகிவிடும். அந்தந்த ஊரின் சூரியோதயமே கணக்கு.

அர்ச்சகர் பெயரும் நட்சத்திரமும் கோத்திரமும் வினவுகிறார். ஊர் விட்டு வந்தபின் அவளிடம் கோத்திரம் கேட்டவர் அவர் ஒருவரே. பிறகு கீழ்த்தள உணவுக்கூடத்தில் தோசை. விடுதி அறையில் தீச்சுடருக்குத் தடை. ஆதலால் தீபாவளிக்கென மின்கல அகல்விளக்கை இப்போதே வாங்கி வைத்திருக்கிறாள்.

பாட்டியாரோ ஞாயிறன்று தஞ்சையிலும் பேத்தி பெயருக்கு ஓர் அர்ச்சனை செய்வித்துவிட்டார்.