ஒரு கரண்டி எண்ணெய்

சித்தூர், 11 ஜூன் 2023, ஞாயிறு

கப்பலிலிருந்து சைன் ஆஃப் ஆகி வந்து ஒன்பது நாள். ஜூஸ் பேக்டரிக்குப் பெங்களூரா மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் தெருவை அடைத்து நிற்கின்றன. காலையிலேயே அக்கா மகன் வந்துவிட்டான். திருப்பதியில் மெக்கானிக்கல் முடித்தவன். “மாமா, நானும் கப்பலுக்கு வர்றேன்.”

ஒரு வருஷ ஜி.எம்.இ. கப்பல் இன்ஜினியர் படிப்பு, கப்பலில் பயிற்சி, பிறகு கிளாஸ் ஃபோர் பரீட்சை. அவனுக்கு வேண்டியது சம்பளக் கணக்கு. அதைச் சொல்லிவிட்டு மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனேன், அம்மாவின் சின்ன எண்ணெய்க் கரண்டியோடு.

“இந்த சின்டெக்ஸ்ல ஆயிரம் லிட்டர். கரண்டியில பதினஞ்சு மில்லி. இவ்ளோ எண்ணெய் கலந்திருந்தா தண்ணிய கடல்ல விடலாம், அதுக்கு மேல கூடாது.” கடல் மாசைத் தடுக்கும் மார்போல் உடன்படிக்கை சொல்லும் 15 பி.பி.எம். இதுதான். இன்ஜின் ரூம் அடியில் சேரும் பில்ஜ் தண்ணீரைப் பிரிப்பானில் விடுவோம். அளவு தாண்டினால் மீட்டர் அலறும். வால்வு திரும்பி, தண்ணீர் மறுபடி தொட்டிக்கே போய்விடும்.

ஊற்றிக் காட்டவில்லை. அம்மா கரண்டியாலேயே அடித்திருப்பாள்.

திருப்பதி, 13 ஜூன், செவ்வாய்

ஏஜென்ட் ஒருவர் அக்கா மகனிடம் கப்பல் வேலைக்கு மூன்று லட்சம் கேட்டாராம். அவனோடு நேரில் போய் லைசென்ஸ் நம்பர் கேட்டேன். காபி சொன்னார். லைசென்ஸ் உள்ளவர் மாலுமியிடம் வேலைக்காகக் காசு வாங்கவே கூடாது. நம்பர் சரிதானா என்று அரசின் டி.ஜி. ஷிப்பிங் பட்டியலில் பார்த்துக்கொள்ளலாம். காபி வருவதற்குள் எழுந்துவிட்டோம்.

போன வருஷம் ஏப்ரலில் மாவட்டம் பிரித்தபோது சூளூர்பேட்டைப் பக்கம் சேர்ந்து திருப்பதிக்குக் கடற்கரை கிடைத்துவிட்டது. எங்கள் சித்தூருக்கு மாங்காய்தான்.

திரும்பும் ரயிலில், சந்திரகிரி தாண்டியதும், இதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். நான் ஃபோர்த் இன்ஜினியராக இருந்த கப்பல். எனக்கு மேலே இருந்தவர் மீட்டரின் சாம்பிள் குழாயில் நல்ல தண்ணீரைத் திறந்துவிடச் சொன்னார். திறந்தேன். மீட்டர் 3 காட்டியது. வெளியே போனது கறுப்பு. எண்ணெய்ப் பதிவேட்டில் கையெழுத்தும் போட்டேன். கேப்டன் பக்கத்தின் அடியில் போட்டார். கடைசிப் பதிவிலிருந்து மூன்று வருஷம் அந்தப் புத்தகத்தைக் கப்பலில் வைத்திருக்க வேண்டும். மூன்று வருஷமும் ஒவ்வொரு துறைமுகத்திலும் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

இன்னொருவர் கதையும் சொன்னேன். 2013-இல் கரீபியன் பிரின்சஸ் கப்பலில் புதிதாகச் சேர்ந்த இன்ஜினியர் ஒருவர், பிரிப்பானில் போகாமல் கழிவை நேராகக் கடலில் விடும் ‘மேஜிக் பைப்’பைக் கண்டார். சவுத்தாம்ப்டனில் இறங்கி அதிகாரிகளிடம் சொல்லிவிட்டார். 2016-இல் கம்பெனி 4 கோடி டாலர் அபராதத்துக்கு ஒப்புக்கொண்டது.

இப்போது நான் செகண்ட் இன்ஜினியர். 2020-இலிருந்து எரிபொருளில் கந்தகம் 0.50 சதவீதத்துக்கு மேல் கூடாது, முன்பு 3.50. பாலாஸ்ட் தண்ணீருக்கு ஒரு புத்தகம். இந்த ஜனவரியிலிருந்து கார்பன் கணக்கு வேறு. அடுத்த வருஷம் கப்பலுக்கே ‘ஏ’ முதல் ‘இ’ வரை மார்க். எல்லாவற்றிலும் யாராவது கையெழுத்துப் போட்டாக வேண்டும்.

பாகாலாவில் வண்டி நின்றது. பையன் வெகுநேரம் பேசவில்லை.

“அவர் சவுத்தாம்ப்டன்ல இறங்கினாரு. நீங்க எங்க மாமா இறங்கினீங்க?”

“சிங்கப்பூர்ல. கான்ட்ராக்ட் முடிஞ்சு.”