கொஞ்சம் மழை

டில்லியில் உத்தியோகம் பார்க்கும் தென்னாட்டாருக்கெல்லாம் மார்கழி பிறந்ததும் ஒரு வியாதி வந்து சேருகிறது. ஊருக்குப் போகும் வியாதி. வைத்தியர்கள் இதற்குப் பெயர் வைத்ததாகத் தெரியவில்லை. ஆனால் ரயில்வேக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். புது டில்லியிலிருந்து புதுச்சேரிக்கு வாரத்தில் ஒரு நாள் நேர் வண்டி ஒன்று புறப்படுகிறது. அந்த வண்டியில் டிசம்பர் கடைசியில் இடம் கிடைப்பதற்குப் பூர்வஜன்ம புண்ணியம் கொஞ்சம் வேண்டும். 2024-ம் வருஷம் எங்களுக்கு அந்தப் புண்ணியம் இருந்தது. நானும் என் மனைவியும் பத்து வயதுப் பெண்ணும் மூன்று கம்பளிகளைச் சுமந்துகொண்டு ஏறினோம். இரண்டு இரவுகள் கழித்து விழுப்புரம் தாண்டியபோது மூன்றும் பெட்டிக்கு அடியில் போய்விட்டன. 1879-ல் போட்ட அந்தக் கிளைப் பாதையில் காற்று மாறிவிடுகிறது. ஈர மண்ணின் வாசனையும் உப்பின் வாசனையும் சேர்ந்து ஜன்னலில் வந்து மோதுகின்றன.

புதுச்சேரியில் எனக்கு வீடு இருக்கிறது என்று சொன்னால் டில்லி நண்பர்கள் பொறாமைப்படுகிறார்கள். மஞ்சள் சுவர், காகிதப்பூக் கொடி, கடலைப் பார்த்த மாடி என்று அவர்கள் மனத்தில் ஒரு சித்திரம் ஓடுகிறது. அந்தச் சித்திரம் கால்வாய்க்குக் கிழக்கே உள்ள வீதிகளுக்குத்தான் பொருந்தும். என் பெற்றோர் வசிப்பது ரெயின்போ நகரில். அதாவது வானவில் நகர்! மழை பெய்தால் வானவில் தோன்றுகிறதோ இல்லையோ, தெருவில் தண்ணீர் தோன்றிவிடும். தாழ்வான இடம். தமிழாசிரியராயிருந்து ஓய்வு பெற்ற என் தகப்பனார், வருங்கால வைப்பு நிதியில் வந்த பணத்தைப் போட்டு அங்கே ஒரு தரைத்தள வீடு கட்டினார். "ஏன் இந்த இடம்?" என்று அப்போதே கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதில்: "மற்ற இடமெல்லாம் விலை உயரம், இந்த இடம் ஒன்றுதான் தாழ்வு."

வண்டியை விட்டு இறங்கி வீட்டு வாசலில் கால் வைத்ததும் எனக்கு ஒரு திகைப்பு. வீடு புதிதாக வெள்ளையடித்திருந்தது.

"என்ன அப்பா, பொங்கலுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறதே!"

"போகி சமயத்தில் ஆள் கிடைப்பதில்லை. அதனால் முன்னாடியே முடித்துவிட்டேன்" என்றார் அப்பா.

என் தகப்பனாரை அறிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள். மின்சாரக் கட்டணத்தைக் கெடு நாளுக்கு ஒரு நாள் முன்னதாகக்கூடக் கட்டாதவர் அவர். "பணம் நம்மிடம் ஒரு நாள் அதிகமாகத் தங்கினால் அதற்கும் சந்தோஷம்தானே!" என்பார். அப்படிப்பட்டவர் மூன்று வாரம் முன்கூட்டிச் சுண்ணாம்புக்குச் செலவழித்திருக்கிறார்! நானோ பிரயாணக் களைப்பில் இருந்தேன். அம்மா பச்சை மொச்சைக் குழம்பைச் சோற்றில் ஊற்றினாள். அவித்த பனங்கிழங்கு வேறு தயாராயிருந்தது. அதற்குமேல் ஆராய்ச்சி செய்யும் திராணி எவனுக்கு உண்டு?

ஆராய்ச்சி செய்தவள் என் பெண்தான். மறுநாள் காலையில், வெள்ளையடிக்காத பின்கட்டு அறையிலிருந்து ஓடி வந்தாள்.

"தாத்தா, அலமாரிக்குப் பின்னால் சுவரில் ஒரு கோடு போகிறதே, அது யார் போட்டது?"

எழுந்து போய்ப் பார்த்தேன். தரையிலிருந்து என் இடுப்பு உயரத்தில், நாலு சுவரையும் சுற்றிப் பழுப்பு நிறத்தில் ஒரு கோடு. ரசமட்டம் வைத்துக்கூடக் கொத்தனாரால் அவ்வளவு நேராகப் போட முடியாது. தண்ணீர் போட்ட கோடு அது. அலமாரியின் கீழ்த் தட்டுகள் இரண்டும் காலியாயிருந்தன. அங்கேதான் அப்பாவின் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்புத் தொகுதிகள் வரிசையாக நிற்கும்.

"புஸ்தகங்கள் எங்கே?"

"ஒருவர் இரவல் கேட்டார்" என்றார் அப்பா, பத்திரிகையிலிருந்து தலையை எடுக்காமலே.

இங்கே நேயர்களுக்கு ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். 2024 நவம்பர் 30-ந் தேதி, சனிக்கிழமை இரவு, பெங்கல் என்ற புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. கடந்த புயல் உடனே நகரவில்லை, அங்கேயே உட்கார்ந்துவிட்டது. வருஷம் முழுவதும் சேர்ந்து சுமார் 130 சென்டிமீட்டர் மழை பெய்யும் ஊரில், ஒரே பகல் ஓர் இரவுக்குள் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. மறுநாள் விடிகாலையில் கிருஷ்ணா நகர்ப் பக்கம் ராணுவத்தினர் வந்து ஜனங்களை மீட்டார்கள். இதெல்லாம் டெலிவிஷனில் வந்தது. நானும் பார்த்தேன். பார்த்துவிட்டுச் சும்மா இருந்தேனா? சனிக்கிழமை இரவே டெலிபோன் செய்தேன்.

"அப்பா, மழை எப்படி?"

"கொஞ்சம் மழை. அங்கே குளிர் எப்படி?"

"வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டதா?"

"தெருவில் கொஞ்சம் நிற்கிறது. நீ போய்த் தூங்கு. கம்பளியைக் காது வரை இழுத்துப் போர்த்துக்கொள்."

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் டெலிபோன் மௌனமாயிருந்தது. திங்கட்கிழமை பேசியபோது, மின்சாரம் இல்லாததால் பேசியில் சக்தி தீர்ந்துவிட்டதாக அப்பா விளக்கினார். நான் நம்பினேன். நம்புவது எனக்கு ஸௌகரியமாகவும் இருந்தது என்பதை ஒளிப்பானேன்? அந்த வாரம் ஆபீஸில் லீவு கேட்கக்கூடிய நிலைமை இல்லை.

உண்மை தெரிந்தது கடற்கரையில், அடுத்த வீட்டுச் சொல்தா மாமாவின் வாயிலாக.

புதுச்சேரிக்காரர்களுக்குச் 'சொல்தா' யார் என்று சொல்லத் தேவையில்லை. பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாயாயிருந்து, அந்த நாட்டுப் பென்ஷனை இங்கே வாங்கி, இங்கேயே காலம் கழிக்கும் தமிழர். 1954 நவம்பர் 1-ந் தேதி ஊர் நம் கைக்கு வந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்னால், அக்டோபர் 18-ல், கீழூரில் கூடிய மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு சேருவதென்று வாக்களித்திருந்தார்கள். சட்டப்படி ஒப்படைத்ததோ 1962 ஆகஸ்டு 16-ல். அப்போது பிரெஞ்சுப் பிரஜையாகவே இருக்க விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. சில ஆயிரம் பேர் எழுதிக் கொடுத்தார்கள். மாமாவின் தகப்பனார் எழுதிக் கொடுத்தார்; என் பாட்டனார் கொடுக்கவில்லை. அதனால் இன்று ஒரே மதிலுக்கு இந்தப் பக்கம் ஒரு குடியரசின் பென்ஷனும் அந்தப் பக்கம் இன்னொரு குடியரசின் பென்ஷனும் வந்து இறங்குகின்றன. மாமாவின் பென்ஷன் சற்றுப் பெரியது. ஆகவே அவருடைய வீட்டுக்கு மாடி உண்டு. இந்த மாடிதான் நம்முடைய கதைக்கு முக்கியம்.

கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணிக்கு மேல் வண்டிகள் கிடையாது. அந்த ஒன்றரை கிலோமீட்டர் தூரமும் நடப்பவர்களுக்கே சொந்தம். ஆண்டுக் கடைசி ஆகையால் வெளியூர்க் கூட்டம் நெரிந்தது. அப்பா பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு காந்தி சிலைப் பக்கம் முன்னே நடந்தார். எட்டு வயதில் கூட்டத்துக்கு நடுவே நின்று நமது கொடியைப் பார்த்த கதையை, நூறாவது தடவையாக, ஆனால் அவளுக்கு முதல் தடவையாக, சொல்லிக்கொண்டு போனார். பிறகு கடலுக்குள் நிற்கும் பழைய தூண்களைக் காட்டினார். 1952-ம் வருஷப் புயலில் போன பாலத்தின் மிச்சம் அவை. அதற்குப் பின் கட்டிய பாலமும் 2022 மார்ச்சில் ஒரு பகுதி விழுந்துவிட்டது. அப்பாவின் பால்யத்தில் இந்தச் சாலைக்குக் கீழே மணல் இருந்தது. 1980-களில் தெற்கே துறைமுகம் கட்டிய பிறகு மணல் வடக்கே வருவது தடைப்பட்டு, கடல் சாலை ஓரத்துக்கே வந்துவிட்டது. கருங்கல்லைக் கொட்டி அணை போட்டார்கள். என் பால்யத்தில் நான் பார்த்தது அந்தக் கருங்கல்லைத்தான். 2018-ல் கடலுக்குள் ஆப்பு வடிவத்தில் பெரிய இரும்புத் திட்டு ஒன்றை அமிழ்த்தினார்கள். மணல் மெள்ளத் திரும்பி வந்தது. என் பெண் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு அந்த மணலில் ஓடினாள்.

போர் நினைவுச் சின்னத்துக்கு எதிரே மாமா சற்று நின்றார். முதல் மகாயுத்தத்தில் இறந்தவர்களுக்காக 1938-ல் திறந்த அந்தச் சின்னத்தின் முன்னே நவம்பர் 11-ந் தேதிதோறும் அவர் மெடல் குத்திக்கொண்டு நிற்பது வழக்கம். மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார்:

"தம்பி, வாத்தியார் புஸ்தகமெல்லாம் காய்ந்துவிட்டதா? என் மாடியில் இன்னும் நாலு கட்டு விரித்துக் கிடக்கிறதே!"

"இரவல் போயிருப்பதாக அல்லவா சொன்னார்!"

மாமா நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் சிப்பாய் மனிதர். ஆரம்பித்த பிறகு பின்வாங்கத் தெரியாது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

அன்றிரவு பத்து மணிக்கே தண்ணீர் வாசற்படி ஏறியிருக்கிறது. அப்பா புஸ்தகங்களைக் கட்டிலில் அடுக்கினாராம். அம்மா மருந்துப் பெட்டியைப் பரணில் வைத்தாளாம். இரண்டு மணிக்குக் கட்டிலே நனைந்தது. மின்சாரம் இல்லை, வாசற்கதவு தண்ணீரின் அழுத்தத்தில் திறக்கவில்லை. எண்பது வயது மாமா, இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறு முனையை மாடிப்படிக் கம்பியில் முடிந்துகொண்டு, பின்புற மதிலின் சிறு கதவு வழியாக வந்திருக்கிறார். முதலில் அம்மாவை அழைத்துப் போனார். இரண்டாவது நடையில் அப்பா வர மறுத்தாராம். "பிள்ளையவர்களை விட்டுவிட்டு எப்படி வருவேன்?" என்று கேட்டாராம். எந்தப் பிள்ளை என்று மாமா பதறிப்போய்க் கேட்டதற்கு, "ஆனந்தரங்கப் பிள்ளை" என்று பதில் வந்ததாம். இதைச் சொல்லிவிட்டு மாமா வெகுநேரம் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அப்படியானால் நான் டெலிபோன் செய்தபோது..."

"வாத்தியார் கட்டில்மேல் நின்றுகொண்டுதான் பேசினாராம். பாரீஸிலிருந்து என் பெண்ணும் மூன்று தடவை கூப்பிட்டாள். நானும் அதையேதான் சொன்னேன், தம்பி. கொஞ்சம் மழை."

ஆனந்தரங்கப் பிள்ளை 1736-ல் எழுதத் தொடங்கி இருபத்தைந்து வருஷம் இந்த ஊர் சமாசாரத்தை விடாமல் எழுதி வைத்தவர். 1761 ஜனவரி முதல் தேதி புதுச்சேரியை ஒரு பெரும் புயல் தாக்கியது; முற்றுகையிட்டிருந்த ஆங்கிலேயரின் கப்பல்கள் பல நாசமாயின. அந்த மாதத்திலேயே நகரமும் வீழ்ந்தது, பிள்ளையும் காலமானார். அப்பேர்ப்பட்டவரின் தொகுதிகளைத் தலையில் சுமந்து காப்பாற்றிய என் தகப்பனார், பெற்ற பிள்ளைக்கு ஒரு வரி சமாசாரம் சொல்லவில்லை!

வீட்டுக்கு வந்ததும் நான் குரலை உயர்த்திப் பேசினேன். அதைச் சொல்லிக்கொள்வதில் பெருமையில்லை. "இனி ஒரு நாளும் இங்கே வேண்டாம். வீட்டைப் பூட்டிவிட்டு இரண்டு பேரும் எங்களோடு டில்லிக்குப் புறப்படுங்கள்" என்றேன்.

அப்பா நிதானமாகக் கேட்டார்: "உன் அடுத்த வீட்டில் இருப்பவர் யார்?"

எனக்குத் தெரியவில்லை. நாங்கள் இருப்பது ஏழாவது மாடி. எதிர்க் கதவில் ஒரு பெயர்ப் பலகை இருக்கிறது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஆறு வருஷத்தில் நான் படித்ததில்லை. என் மனைவியைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள்.

"ராத்திரி இரண்டு மணிக்கு உங்கள் அம்மாவுக்கு ஏதாவது என்றால், நீ ஆபீஸ் காரியமாக ஊரில் இல்லை என்றால், யார் கயிறு கட்டிக்கொண்டு வருவார்கள்?"

"அதற்காகத் தண்ணீரில் நிற்கிறீர்களே, அப்பா! வயது எழுபத்தெட்டு!"

"தண்ணீர் வடிந்துவிட்டதே" என்றார் அப்பா. அது ஒரு பதிலா? ஆனால் அவருக்குத் திருப்தியான பதில்.

சண்டை அத்தோடு முடியவில்லை. இதுவரை பேசாமல் மொச்சை உரித்துக்கொண்டிருந்த அம்மா, முறத்தைக் கீழே வைத்தாள்.

"நவம்பரில் குழந்தைக்கு என்னடா உடம்பு?"

எனக்குப் பகீர் என்றது. நவம்பர் 18-ந் தேதி டில்லியில் காற்றின் தரக் குறியீடு 490-ஐத் தாண்டியது. பள்ளிக்கூடங்களை மூடி, வீட்டிலிருந்தே பாடம் படிக்கச் சொன்னார்கள். குழந்தைக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்து, ஐந்து நாள் இரவும் பகலும் முகமூடி வைத்து மருந்துப் புகை கொடுக்க வேண்டியதாயிற்று. அந்த வாரச் சனிக்கிழமையும் அப்பாவோடு டெலிபோனில் பேசினேன். "இங்கே கொஞ்சம் புகை" என்று சொன்னேன்.

"நீ சொல்லவில்லை. அவள்தான் நேற்று ராத்திரி என் பக்கத்தில் படுத்துக்கொண்டு சொன்னாள்" என்றாள் அம்மா. பிறகு முறத்தை எடுத்து மறுபடியும் உரிக்கத் தொடங்கினாள்.

அன்று மாலை நாங்கள் யாரும் அதிகமாகப் பேசவில்லை. மறுநாள் நானும் அப்பாவும் மாமா வீட்டு மாடிக்குப் போய்ப் புஸ்தகங்களைப் பிரித்தோம். சேறு காய்ந்த ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. பனை ஓலை ஈர்க்கை நுழைத்து, ஒவ்வோர் ஏடாக விடுவிக்க வேண்டும். அவசரப்பட்டால் எழுத்தோடு சேர்ந்து கிழிந்துவிடும். ஜனவரி முதல் தேதி வண்டி ஏறும்வரை இரண்டு பேருமாக ஒன்றரைத் தொகுதிதான் முடித்தோம். சாதாரணமாக, லீவில் ஊருக்கு வந்தால் அப்பாவோடு நான் சேர்ந்தாற்போல் அரை மணி நேரம் உட்கார்ந்ததில்லை. அந்த மாடியில் நாள் முழுவதும் உட்கார்ந்தோம். குளிர்காலம் என்று பெயர். வெயில் முதுகில் இதமாக அடித்தது. மாமாவின் மனைவி இரண்டு வேளையும் காப்பி அனுப்பினார்.

டில்லிக்குப் போவது பற்றி மறுபடியும் பேச்சு எழவில்லை. தரையை இரண்டு அடி உயர்த்துவதா, அல்லது மாடியில் ஓர் அறை எடுப்பதா என்று மட்டும் கணக்குப் பார்த்தோம். மாடி அறை என்று தீர்மானமாயிற்று. பாதிச் செலவு என்னுடையது என்பதை அப்பா ஒப்புக்கொள்வதற்குள் ஸ்டேஷன் வந்துவிட்டது.

டில்லி திரும்பிய மறுநாள், எதிர்க் கதவின் பெயர்ப் பலகையைப் படித்தேன். என் மனைவி ஒரு டப்பாவில் முறுக்கு எடுத்துக்கொண்டு மணியை அடித்தாள்.

இப்போது சனிக்கிழமை டெலிபோன் அரை மணி நேரத்துக்குக் குறைவதில்லை. அம்மாவின் முழங்கால், அப்பாவின் ரத்த அழுத்தம், மாமாவின் இருமல், சிமெண்டின் விலை என்று ஒன்று விடாமல் வருகிறது. சில சமயம் எனக்கே அலுப்பாயிருக்கிறது. மாடிக் கைப்பிடிச் சுவரில் ஒரு கண்ணாடிப் புட்டியைக் கட்டி, அதில் அளவுக் கோடுகள் ஒட்டி வைத்திருக்கிறார் அப்பா. போன சனிக்கிழமை, "மழை எப்படி?" என்று கேட்டேன்.

"பன்னிரண்டு மில்லிமீட்டர்" என்றார். பிறகு, "அங்கே புகை எவ்வளவு?" என்று கேட்டார்.

"இருங்கள், அப்பா, பார்த்துச் சொல்கிறேன்" என்று ஜன்னல் பக்கம் போனேன்.