அடைக்கக் கூடாத ஓட்டைகள்

நடிகர் ஜீன் ஹாக்மனின் மனைவி பெட்ஸி அரகாவா ஹன்டா வைரஸ் தாக்கி இறந்தார் என்று 2025 மார்ச்சில் நியூ மெக்ஸிகோ மருத்துவ அதிகாரிகள் அறிவித்தார்கள். எலியின் புழுக்கை, மூத்திரம், எச்சில் வழியாகத் தொற்றும் கிருமி அது. அடுத்த மாதம் அந்த மாநிலச் சுகாதாரத் துறையின் ஆய்வு விவரம் வெளியானது. அவர்கள் வாழ்ந்த வீட்டுக்குள் எலி நடமாடிய அடையாளமே இல்லை. வளாகத்தில் இருந்த துணைக் கட்டடங்களிலும், நிறுத்தி வைத்திருந்த இரண்டு வண்டிகளிலும்தான் எலித் தடயங்கள். செய்தியைப் படித்தவர்களில் பெரும்பாலோர் ஹாக்மனின் படங்களை நினைத்துக்கொண்டிருப்பார்கள். சிகாகோவில் இருக்கும் என் நண்பர் ‘வண்டிகளிலும்’ என்ற சொல்லில் நின்றுவிட்டார்.

காரணம் இருந்தது. குடும்பத்தோடு யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குப் போக அவர் ஒரு பழைய டிரெய்லர் வாங்கியிருந்தார். கட்டில், அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளே அடக்கம். காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப் போக வேண்டிய வீடு. குளிர்காலம் முடிந்து திறந்தபோது மெத்தைப் பஞ்சு பிய்ந்து கிடந்தது, அலமாரியெல்லாம் புழுக்கை. “எலியா நானா, யாராவது ஒருத்தர்தான் இதில் வர முடியும்” என்று அவர் மனைவி சொல்லிவிட்டார். கோடை முழுக்கத் தள்ளிப்போட்டு, அக்டோபரில் வண்டியை அது பிறந்த ஊருக்கே இழுத்துக்கொண்டு போனோம்.

அந்த ஊர் இந்தியானா மாநிலத்தின் எல்க்ஹார்ட். அமெரிக்காவில் ஓடும் இத்தகைய வீட்டு வண்டிகளில் எண்பது சதவீதத்துக்கும் மேல் இந்தியானாவில், அதிலும் பெரும்பகுதி இந்த ஒரே மாவட்டத்தில் செய்யப்படுகின்றன. ஊரில் இதற்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. 1913-ல் செய்த எர்ல் டிரெய்லரும், நடிகை மே வெஸ்டுக்காக 1931-ல் உருவான வீட்டுக் காரும் அங்கே நிற்கின்றன. சாலையில் ஆமிஷ் மக்களின் குதிரை வண்டிகள் போகின்றன. சொந்தமாகக் கார் வைத்துக்கொள்ளாத, வீட்டுக்கு மின்கம்பி இழுக்காத அந்தச் சமூகத்து ஆண்கள் நூற்றுக்கணக்கில் விடியும் முன்பே எழுந்து, மற்றவர்கள் ஊர் சுற்றுவதற்கான வண்டிகளைச் செய்யத் தொழிற்சாலைக்குப் போகிறார்கள்.

நண்பருக்குத் தெரிந்தவர் மூலம் அறிமுகமான மெக்கானிக் ஒரு நடமாடும் பட்டறைக்காரர். தன் வேனில் சாமான்களைப் போட்டுக்கொண்டு வண்டி நிற்கும் இடத்துக்கே வருவார். வயது அறுபதைத் தொட்டிருக்கலாம். பெயரைப் போட வேண்டாம் என்றார். “இந்த ஊரில் எல்லாத் தொழிற்சாலையிலும் எனக்குச் சொந்தக்காரங்க இருக்காங்க.”

அவர் வந்ததும் வண்டியைப் பார்க்கவில்லை. வண்டி நின்ற இடத்துக்கு அடுத்த வயலைப் பார்த்தார். மக்காச்சோளம் அறுத்து முடிந்திருந்தது. “அறுவடை இயந்திரம் இறங்கின அன்னைக்கு ராத்திரியே எலி இடம் மாறும். குளிரும் வருது, சாப்பாடும் போச்சு. பக்கத்தில் சும்மா நிற்கிற வண்டிதான் அதுக்கு வீடு.” பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்துக் காட்டினார். பென்சில் நுழையும் சந்தில் எலி நுழையும். கால் அங்குலம், அதாவது ஆறு மில்லிமீட்டர் போதும். மண்டை ஓடு நுழைந்துவிட்டால் உடம்பு வளைந்து கொடுத்துப் பின்னால் வந்துவிடும்.

முதல் வேலை சுத்தம். கதவு ஜன்னலைத் திறந்து காற்றாட விட்டார். முகமூடி, கையுறை போட்டுக்கொண்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து புழுக்கைமேல் தெளித்து, நன்றாக ஊறிய பிறகே காகிதத்தால் துடைத்து எடுத்தார். துடைப்பத்தைத் தொடவே இல்லை. பெருக்கினால் தூசி பறக்கும், தூசியோடு கிருமியும் பறக்கும். 1993-ல் நான்கு மாநிலங்கள் சந்திக்கும் தென்மேற்குப் பகுதியில் ஆரோக்கியமான இளைஞர்கள் மூச்சுத் திணறி இறந்தபோதுதான் இந்த நோயே அமெரிக்காவில் அடையாளம் காணப்பட்டது. பரப்புவது மான் எலி என்ற காட்டெலி. இந்தியானாவில் இந்த நோய் மிக அரிது. ஆனாலும் அவர் முறையை மாற்றுவதில்லை. “வண்டி போன வருஷம் எங்கே நின்னதுன்னு எனக்குத் தெரியாது இல்லையா?”

அதன்பிறகுதான் ஓட்டை தேடும் படலம். கூரையில் சதுரமான காற்றோட்டத் திறப்பைக் கழற்றிவிட்டு, அங்கே ஒரு விசிறிப் பெட்டியைப் பொருத்தினார். ஜன்னல்களை மூடிவிட்டு விசிறியைப் போட்டால் வண்டிக்குள் காற்று இறுகுகிறது. வெளியே மூட்டுகளின் மேல் சோப்புத் தண்ணீரைத் தடவிக்கொண்டே வந்தார். சைக்கிள் கடையில் டியூபைத் தண்ணீரில் அமுக்கிப் பஞ்சர் பார்ப்பார்களே, அதேதான்: காற்று கசியும் இடத்தில் குமிழி. விளக்குச் சட்டத்தின் ஓரத்தில் ஒன்று, ஜன்னல் மூலையில் ஒன்று, பின்பக்க ஏணி திருகிய இடத்தில் வரிசையாக நான்கு. மழைநீர் உள்ளே இறங்கும் வழி இவை.

குளிர்காற்று நுழையும் வழிக்கு வேறு சோதனை. விசிறியைத் திருப்பிப் போட்டு உள்காற்றை வெளியே உறிஞ்ச வைத்தார். வேனுக்குப் போய் அவர் எடுத்து வந்தது ஒரு ஊதுபத்திப் பாக்கெட். சந்தன மணம். மலிவுக் கடையில் வாங்குவாராம். பற்றவைத்து, பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே, கட்டிலின் அடியில், மின்கம்பி நுழையும் இடத்தில் மெல்ல நகர்த்தினார். நேராக எழும் புகை சில இடங்களில் சட்டென்று மடிந்து உள்பக்கம் சாயும். அங்கே சாக்பீசால் ஒரு வட்டம். நானும் நண்பரும் சாமி கும்பிடுகிறவர்களைப் போல அந்தப் புகையின் பின்னாலேயே போனோம். பட்டன் அமுக்கினால் சுவரோடு வெளியே நகரும் அறைப்பகுதியின் கீழ் மூலைகளில், ரப்பர் பட்டைகள் சந்திக்கும் இடத்தில், புகை நிற்கவே இல்லை.

கூரைமேல் அவர் செய்ததை நான் ஏறிப் பார்க்கவில்லை. தரையில் செய்ததைச் சொல்கிறேன். சந்துக்குள் முதலில் செப்புக் கம்பிப் பின்னலைத் திணித்து நெருக்கினார். எலி அதைக் கடித்துப் பிய்க்க முடியாது, துருவும் பிடிக்காது. இரும்புப் பஞ்சு வைத்தால் ஒரே மழைக்காலத்தில் துருவாகக் கொட்டிவிடும். பின்னல் நகராமல் இருக்க அதன்மேல் நுரை பீய்ச்சினார். பலரும் நுரையை மட்டும் அடித்துவிட்டு அடைத்தாயிற்று என்று போய்விடுவார்களாம். நுரையை எலி ஒரே ராத்திரியில் கொறித்துத் துளைத்துவிடும். வெளிச்சட்டங்களைக் கழற்றிப் பழைய பசையைச் சுரண்டி, பியூட்டைல் டேப் வைத்துத் திரும்ப முடுக்கினார். முந்தைய சொந்தக்காரர் ஜன்னலைச் சுற்றி சிலிகான் தடவியிருந்ததைப் பார்த்ததும்தான் மனிதருக்கு முதல் முறையாகக் கோபம் வந்தது. சிலிகான் தடவிய இடத்தில் வேறு எதுவும் ஒட்டாது. அதை முழுக்கச் சுரண்டி எடுக்கப் பாதி மதியம் போனது.

இரண்டாவது கோபம் தொட்டிக்கு அடியில். முக்கால் அங்குலக் குழாய் ஒன்று தரைக்குள் இறங்குகிறது. அதற்குப் போட்டிருந்த ஓட்டை இரண்டு அங்குலம். சுற்றிலும் வெறுமை, கீழே எட்டிப் பார்த்தால் வண்டியின் வயிற்றை மூடிய பிளாஸ்டிக் தகடும், அதில் ஒரு கிழிசலும், கிழிசல் வழியே புல்லும் தெரிந்தன. எலிகளின் ராஜபாட்டை.

“இது யார் போட்ட ஓட்டைன்னு எனக்குத் தெரியும்” என்றார். “பேரு தெரியாது. அவன் நிலைமை தெரியும். நானும் அங்கே நின்னவன்.”

பள்ளி முடித்ததும் தொழிற்சாலைக்குப் போனவர். அங்கே மணிக்கணக்குச் சம்பளம் இல்லை. முடித்த வண்டிக்கு இவ்வளவு என்று குழுவுக்குக் கூலி. மூன்று குழாய்க்கு மூன்று அளவில் துளையிடும் பிட் மாற்றினால் உற்பத்தி வரிசை நிற்கும், வரிசை நின்றால் எல்லோருடைய காசும் நிற்கும். அதனால் பெரிய பிட் ஒன்றை மாட்டிக்கொண்டு எல்லா ஓட்டையையும் அதிலேயே போடுவார்கள். 2008-ல் அவர் வேலை போனது. அடுத்த ஆண்டு எல்க்ஹார்ட்டின் வேலையின்மை இருபது சதவீதத்தைத் தொட்டது. அதிபர் ஒபாமா பதவியேற்ற மறுமாதமே இங்கே வந்து பேசினார். ஊர் மீண்டபோது இவர் தொழிற்சாலைக்குத் திரும்பவில்லை. பழுதுபார்க்கக் கற்றுக்கொண்டார். ஒருமுறை தன் பழைய வரிசையிலிருந்து வந்த வண்டியே பழுதுக்கு வந்திருக்கிறது. அதே இடத்தில் அதே ஓட்டை. “போடும்போது அரை நிமிஷம். அடைக்கும்போது அரை மணி நேரம்.”

நண்பரின் வண்டி 2021-ல் செய்தது. பெருந்தொற்றில் விமானம் ஏறப் பயந்தவர்கள் எல்லாம் வீட்டு வண்டி வாங்கிய ஆண்டு. அந்த ஓராண்டில் மட்டும் ஆறு லட்சம் வண்டிகள் தொழிற்சாலைகளை விட்டு வெளியேறின. 2023-ல் அது மூன்று லட்சத்து சொச்சமாகச் சரிந்தது. ஆறு லட்சம் விற்ற காலத்தில் ஒரு கைப்பிடிச் செப்புப் பின்னலுக்குக் காசில்லாமல் போகவில்லை. அதைத் திணிக்கும் அரை நிமிடத்துக்குக் கூலி தர யாருக்கும் மனமில்லை, அவ்வளவுதான். பெரும்பாலான வண்டிகளுக்கு உத்தரவாதம் ஓராண்டு. கையேடோ, சில மாதங்களுக்கு ஒருமுறை எல்லா மூட்டுகளையும் பரிசோதித்துப் பசை வைப்பது உரிமையாளர் பொறுப்பு என்கிறது. ஓட்டை போட்டவரின் கடமை ஓராண்டு, வாங்கியவரின் கடமை ஆயுள் முழுக்க. நடுவில் விற்பனைக் கடை. உத்தரவாத வேலைக்குத் தொழிற்சாலை தரும் கூலி குறைவு என்பதால் அந்த வண்டிகளைப் பட்டறை வாசலில் வாரக்கணக்கில் நிறுத்திவைப்பார்கள். உத்தரவாதம் முடிந்து வந்தால் மணிக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்வார்கள். விடியலில் எழுந்து வந்து துளைபோட்டவருக்கும் லாபமில்லை, மெத்தையில் புழுக்கை பொறுக்குகிறவருக்கும் லாபமில்லை. இடையில் இருக்கிறவருக்கு மட்டும் இரண்டு முறை கிடைக்கிறது. எலியை மட்டும் நாம் திருடன் என்கிறோம்.

மாலைக்குள் சாக்பீஸ் வட்டங்கள் எல்லாம் அடைபட்டன. நண்பருக்கு உற்சாகம் தாங்கவில்லை. நுரைக் குப்பியைத் தானே எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தவர், எரிவாயு சிலிண்டர் பெட்டியின் அடியில் ஒரு துளையைக் கண்டுபிடித்துக் குனிந்தார். மெக்கானிக் அவர் கையைப் பிடித்துவிட்டார்.

“இதை அடைச்சா எலி சாகாது, நீங்கதான் சாவீங்க.”

புரோபேன் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் கீழேதான் தங்கும். வெளியேற வழி வேண்டும். குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் சுவரில் இருக்கும் திறப்பும், வெப்பமூட்டியின் வெளிக்குழாயும் அப்படித்தான். உள்ளே எரிகிற தீக்குக் காற்று போக வேண்டும், புகை வெளியேற வேண்டும். அவற்றுக்குப் பூச்சி வலை போடலாம், மூடக் கூடாது. குளவி அங்கே மண்கூடு கட்டும், சிலந்தி எரிகுழலில் வலை பின்னும். சிலந்தியைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம்: 2011-ல் பெட்ரோல் வாடைக்கு வந்து காற்றுக்குழாயில் வலை கட்டிய மஞ்சள் சிலந்தியால் மாஸ்டா நிறுவனம் சுமார் 65,000 கார்களைத் திரும்ப அழைத்தது.

மூச்சுவிட வழியில்லாத வண்டி என்ன செய்யும் என்று அவருக்கு வேறு வழியிலும் தெரியும். 2005-ல் கத்ரீனா புயலில் வீடிழந்தவர்களுக்கு அரசு லட்சத்துக்கும் மேற்பட்ட டிரெய்லர்களைக் கொடுத்தது. இந்த வட்டாரத் தொழிற்சாலைகளும் இரவு பகலாக அவற்றைச் செய்தன. குடியேறியவர்களுக்குக் கண் எரிச்சல், மூச்சுத் திணறல். மரப்பலகைப் பசையிலிருந்து வந்த ஃபார்மால்டிஹைடு. 519 வண்டிகளைச் சோதித்த மத்திய நோய்த்தடுப்பு மையம், வழக்கமான வீடுகளில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம் என்று 2008-ல் ஒப்புக்கொண்டு, வெயில் ஏறுவதற்குள் மக்களை வெளியேற்றச் சொன்னது. “அதில் சிலது நான் ஆணி அடிச்சதாக்கூட இருக்கலாம்” என்றார். குரலில் வருத்தம் காட்டவில்லை. கூரைத் திறப்பை எவ்வளவு திறந்து வைத்துத் தூங்க வேண்டும் என்று நண்பருக்கு விரல் வைத்து அளந்து காட்டினார்.

ரசீது எழுதும்போது தாளை நடுவில் கோடு போட்டுப் பிரித்தார். இடப்பக்கம் அடைத்தவை, வலப்பக்கம் அடைக்காமல் விட்டவை, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிக் காரணத்தோடு. தொகையைப் பார்த்த நண்பர், “வலப்பக்கம் இருப்பதில் நீங்க ஒண்ணுமே செய்யலையே, அதுக்குமா நேரக் கணக்கு?” என்று கேட்டார்.

“அடைக்கிற வேலையை யாருக்கு வேணும்னாலும் கத்துக்கொடுத்திடலாம். நீங்க பணம் கொடுக்கிறது வலப்பக்கத்துக்கு.”

நண்பர் மறுபேச்சின்றிக் கொடுத்தார். பணத்தை எண்ணிப் பார்க்காமல் பையில் போட்டுக்கொண்ட மெக்கானிக், ரசீதை மடிக்க விடவில்லை. சமையல் அலமாரிக் கதவின் உள்பக்கம் அதை ஒட்டிவைக்கச் சொன்னார். இந்த வண்டி இன்னொரு கைக்குப் போகும், அங்கேயும் யாராவது நுரைக் குப்பியோடு வருவார்கள், அவர்கள் படிக்கட்டும் என்றார்.