சிவப்புக் கோடு போட்ட பெயர்



போன மாதச் சுவர் இதழில் ‘எங்கள் ஊர்’ என்ற தலைப்பில் எல்லோரும் மழை, மலை, யானை என்று எழுதியிருந்தோம். நானும் யானையைப் பற்றித்தான் எழுதினேன். அதைப் படித்த தமிழ் ஐயா, “வீட்டுக்குள்ள இருக்கிறதையும் கொஞ்சம் எழுதுங்களேன்” என்றார். அதனால் இந்த மாதம் எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் இருக்கும் ஒரு அட்டையைப் பற்றி எழுதுகிறேன். எழுதுவதற்கு முன்னால் எங்கள் அப்பாயியிடம் அனுமதி கேட்டுவிட்டேன். ஏன் கேட்டேன் என்பது படித்தால் உங்களுக்கே தெரியும்.

பந்தலூர்ப் பக்கத்தில் நம்மில் பலருடைய தாத்தா பாட்டி சிலோனில் இருந்து வந்தவர்கள். வெளியூரில் நம்மை ‘சிலோன்காரங்க’ என்பார்கள். ஆனால் ஏன் போனோம், எப்படித் திரும்பி வந்தோம் என்று யாராவது கேட்டால் எனக்கு ஒரு வரி கூடச் சொல்லத் தெரியாது. எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்தது மாரியம்மன் கோயில் மண்டபத்தில் கூடும் குழுதான்.

அது பெரிய சங்கம் எல்லாம் இல்லை. அதற்குப் பெயர் கூட இல்லை. ஓய்வு பெற்ற ஒரு வாத்தியாரும் ஏழெட்டுப் பெரியவர்களும் மாதத்தில் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை கூடுவார்கள். அவரவர் வீட்டில் இருக்கும் பழைய பாஸ்போர்ட், குடும்ப அட்டை, போட்டோ எல்லாவற்றையும் கொண்டு வருவார்கள். வாத்தியார் ஒரு நீள நோட்டில் பெயர், சிலோனில் இருந்த தோட்டம், பூர்வீக ஊர், வந்த வருஷம் என்று கட்டம் போட்டு எழுதுவார். பிறகு ஒவ்வொரு குடும்பத்துக்கும் வம்ச மரம் வரைவார்கள். படம் வரைய ஆள் வேண்டும் என்று என்னையும் கூப்பிட்டார்கள்.

வெள்ளைக்காரர் காலத்தில் திருச்சி, சேலம், புதுக்கோட்டை, மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் கங்காணிகள் ஆள் சேர்த்து, முதலில் காப்பித் தோட்டத்துக்கும் பிறகு தேயிலைத் தோட்டத்துக்கும் கூட்டிப் போனார்கள். நம் ஆட்கள் அங்கேயே நூறு வருஷத்துக்கு மேல் உழைத்தார்கள். சுதந்திரம் வந்ததும் 1948-இல் அங்கே வந்த குடியுரிமைச் சட்டத்தால் பெரும்பாலோர் எந்த நாட்டுக்கும் சொந்தம் இல்லாதவர்கள் ஆனார்கள். 1964 அக்டோபர் 30-ஆம் தேதி சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டார்கள். அதன்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் இருந்த 1,50,000 பேரை 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இங்கே வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் நம் நீலகிரியில் 1968-இல் அரசு தேயிலைத் தோட்டம் போட ஆரம்பித்தது. அதுதான் டேன்டீ.

வாத்தியார் இதைச் சொன்னபோது எனக்கு வரலாற்றுப் பாடம் மாதிரிதான் இருந்தது. அந்த ஐந்தே கால் லட்சத்தில் எங்கள் வீட்டு ஆட்கள் எத்தனை பேர் என்று பார்க்கத் தோன்றியது.

அப்பாயி கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் தகரப் பெட்டியைத் திறந்தேன். துணியில் சுற்றிய குடும்ப அட்டை இருந்தது. தாத்தா பெயர், அப்பாயி பெயர், பெரியப்பா பெயர். நான்காவதாக ஒரு பெண் குழந்தையின் பெயர், வயது இரண்டு. அந்தப் பெயரின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. எங்கள் அப்பா இங்கே வந்த பிறகு பிறந்தவர். அப்படியென்றால் இது யார்?

நான் யாரையும் கேட்கவில்லை. அட்டையை எடுத்துப் போய் ஜெராக்ஸ் போட்டுக் குழுவில் கொடுத்துவிட்டேன். அந்த ஞாயிறு மண்டபத்தில் நூல் கட்டி எல்லா நகல்களையும் காட்சிக்குத் தொங்க விட்டார்கள். எங்கள் அட்டையும் தொங்கியது. எனக்கு ஒரே பெருமை.

மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் பக்கத்து லயத்து அக்கா எல்லோர் முன்னாலும், “என்ன அப்பாயி, உங்க கார்டுல ஒரு பேரை அடிச்சிருக்கே, யாரு அது?” என்று கேட்டிருக்கிறார். அப்பாயி வெறும் குடத்தோடு வீட்டுக்கு வந்தார். ராத்திரி சாப்பிடவில்லை. என்னோடு பேசவும் இல்லை. நான் ஓடிப்போய் அந்த நகலை எடுத்து வந்துவிட்டேன். எடுத்து என்ன, பார்த்தவர்கள் பார்த்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் அடுப்புப் பக்கத்தில் குளிர் காய்ந்துகொண்டு இருந்தபோது அப்பாயியே பேசினார்.

“பொட்டியைத் தொறந்தது தப்பில்ல புள்ள. என்கிட்ட கேக்காம தொறந்தியே, அதான்.”

“கேட்டா சொல்லியிருப்பியா அப்பாயி?”

“சொல்லியிருக்க மாட்டேன். ஆனா கேட்டிருக்கணும்ல?”

எனக்குப் பதில் வரவில்லை.

பிறகு அவரே சொன்னார். பஞ்ச வருஷத்தில் அட்டை வந்ததாம். 1974-ஆக இருக்கும். கப்பலுக்குத் தேதி வரும் வரை காத்திருந்த நேரத்தில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்து இறந்துவிட்டது. இரண்டு மாதம் கழித்துக் கோச்சி ஏறினார்கள். ரயிலை அப்பாயி கோச்சி என்றுதான் சொல்வார். போகிறவர்களும் நிற்கிறவர்களும் அழுவதால் அதற்கு ‘அழுகைக் கோச்சி’ என்றே பெயராம். தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமுக்கு வந்தார்கள்.

“மண்டபத்துல ஆபீசர் அட்டையைப் பார்த்துட்டு, ‘நாலு பேரு எழுதியிருக்கு, மூணு பேருதானே நிக்கிறீங்க’ன்னு கேட்டாரு. உங்க தாத்தா வாயைத் தொறக்கல. பக்கத்துல நின்ன ஒருத்தருதான் விஷயத்தைச் சொன்னாரு. ஆபீசரு பேனாவை எடுத்து ஒரு கோடு போட்டாரு. அவ்வளவுதான்.”

கொஞ்ச நேரம் கழித்து, “எங்க பொதைச்சாங்கன்னு கூட எனக்குத் தெரியாது. பொம்பளைங்க போறதில்ல. உங்க தாத்தாகிட்ட கேக்கத் தைரியம் வரல. அப்புறம் அவரும் போய்ச் சேர்ந்துட்டாரு” என்றார்.

அடுத்த கூட்டத்தில் வாத்தியாரிடம் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர், “நானும் விசாரிக்காம மாட்டிட்டேன். தப்பு எனக்கும்தான்” என்றார். பிறகு நோட்டைப் புரட்டினார். அதில் குடும்பங்களைத் தோட்டம் வாரியாக எழுதி வைத்திருந்தார்கள். ஹட்டன் பக்கத்தில் எங்கள் ஆட்கள் இருந்த அதே தோட்டத்தின் பெயருக்குக் கீழே இன்னும் இரண்டு குடும்பங்கள் இருந்தன. ஒரு குடும்பம் இங்கிருந்து பஸ்ஸில் அரை மணி நேரத்தில் போகக்கூடிய டிவிஷனில் இருக்கிறது. வேறு கப்பலில் வந்ததால் வேறு இடத்தில் வேலை கொடுத்திருக்கிறார்கள். ஐம்பது வருஷமாக இவர்களுக்கு அவர்கள் இருப்பது தெரியாது.

இந்த முறை அப்பாயியிடம் கேட்டேன். ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு, “வரச் சொல்லு” என்றார்.

அந்தத் தாத்தா பேரனோடு வந்தார். அவருக்கு எண்பது வயது இருக்கும். அப்பாயியைப் பார்த்து முதலில் ஒன்றும் பேசவில்லை. டீ குடித்து முடித்த பிறகுதான் சொன்னார்.

“தங்கச்சி, அன்னிக்கு நல்ல மழை. குழி வெட்டப் போன நாலு பேருல நானும் ஒருத்தன். ஓடைக்கு மேல ஒரு பலா மரம் நிக்குமே, அதுக்குப் பக்கத்துலதான். அடையாளம் ஒண்ணும் வைக்கல. வச்சா நீ பார்த்துருவேன்னு உன் வீட்டுக்காரருதான் வேணாம்னுட்டாரு. மேல சருகை அள்ளிப் போட்டுட்டு வந்தோம்.”

அப்பாயி அவரையே பார்த்துக்கொண்டு இருந்தார்.

“பலா மரமா அண்ணே? அங்கதானே நான் கூடையை இறக்கி வச்சுட்டுத் தேத்தண்ணி குடிப்பேன். கப்பலுக்குக் கிளம்புற வரைக்கும் அங்கதானே உக்காருவேன்.”

பிறகு, “அப்ப அவ பக்கத்துலதான் இருந்திருக்கேன்” என்றார். அழுதார். ஆனால் அன்று ராத்திரி நன்றாகச் சாப்பிட்டார்.

மறுநாள் நான் வரைந்த வம்ச மரத்தைக் கொண்டு வரச் சொன்னார். அதில் அவருக்குப் பெரியப்பா, அப்பா என்று இரண்டு கிளைதான் போட்டிருந்தேன். “பெரியவனுக்கு அப்புறம், உங்கப்பனுக்கு முன்னாடி எழுது” என்றார். எழுதினேன். இப்போது மூன்று கிளை. எனக்கு ஒரு அத்தை இருந்தார் என்பது எனக்குப் பதினைந்து வயதில் தெரிந்தது.

அத்தையின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. “நோட்டுல இருக்கட்டும், சுவத்துல வேணாம்” என்று அப்பாயி சொல்லிவிட்டார்.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெட்டி இருக்கும். நான் பட்டுத் தெரிந்துகொண்ட சிலவற்றைச் சொல்கிறேன்.

1. முதலில் கேளுங்கள். காகிதம் பெட்டியில் இருந்தாலும் கதை அவர்களுடையது. வீட்டில் சொன்னதை வெளியில் சொல்லலாமா என்று இன்னொரு தரமும் கேளுங்கள்.

2. ‘எந்த வருஷம்’ என்று கேட்டால் பெரியவர்கள் குழம்புவார்கள். ‘பஞ்சத்துக்கு முன்னாடியா, பின்னாடியா? பெரியப்பா நடந்தாரா, தவழ்ந்தாரா?’ என்று கேளுங்கள். சரியாகச் சொல்வார்கள்.

3. பழைய அட்டையை லேமினேஷன் செய்யாதீர்கள். பிறகு பிரிக்க முடியாது. நகல் எடுத்துக்கொண்டு அசலைச் சுத்தமான துணியில் சுற்றி, ஈரம் படாமல் வையுங்கள். நம் ஊர் மழைக்கு இது ரொம்ப முக்கியம்.

4. போட்டோவின் பின்னால் பெயர்களைப் பென்சிலால் லேசாக எழுதுங்கள். பேனா மை இந்தப் பக்கம் ஊறும்.

5. உங்களுக்குத் தெரிந்ததைக் குழுவில் சேருங்கள். நம் வீட்டில் யாருக்கும் தெரியாதது அடுத்த வீட்டுத் தாத்தாவுக்குத் தெரிந்திருக்கலாம்.

அந்தத் தாத்தா இன்னும் சில வருஷம் கழித்துக் கிடைத்திருப்பாரா என்று நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. அதனால் நாளைக்குக் கேட்கலாம் என்று இருக்காதீர்கள்.

வருகிற இரண்டாவது ஞாயிறு காலை பத்து மணிக்குக் கோயில் மண்டபத்தில் கூட்டம். இந்த முறை எங்கள் அப்பாயியும் வருகிறார்.

இப்படிக்கு,
பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி