கட்டம் சொன்ன கணக்கு

ஐப்பசி பிறந்து எண்ணூர்க் கழிமுகத்தின் மேல் மழை மேகம் கவியத் தொடங்கினால், அத்திப்பட்டில் உள்ள நமது இல்லத்தில் ஆண்டு தவறாமல் இரண்டு காரியங்கள் நடைபெறும். ஒன்று, பிள்ளைகளுக்குக் கட்டம் போட்ட துணியில் சட்டை தைப்பது. மற்றொன்று, மேலும் கீழும் தணலிட்டுத் தம்மடை சுடுவது. இவை சிறிய காரியங்களே. ஆயினும் இவற்றினூடே நமது அறியாமை ஒன்று வெளிப்பட்ட வரலாற்றை வாசக அன்பர்களிடம் ஒளிக்காமல் சொல்வது கடமையெனக் கருதுகிறோம்.

கட்டத் துணி நமக்கு அந்நியமானதன்று. அத்திப்பட்டில் ரயிலேறிப் பொன்னேரியில் இறங்கிப் பேருந்து பிடித்தால் பழவேற்காடு. 1613-இல் டச்சுக்காரர் அங்கே கெல்டிரியா கோட்டையை எழுப்பினர். அத்துறையிலிருந்து சோழமண்டலக் கரையின் துணிகள் கீழ்த்திசைத் தீவுகளுக்குக் கப்பலேறின. மலாய் மக்கள் கட்டம் போட்ட கைலியை இன்றும் 'காயின் பெலிக்காட்' என்றே அழைக்கின்றனர். பெலிக்காட் என்பது பழவேற்காட்டின் பெயரே. கடல் கடந்து மதிப்புப் பெற்ற அந்தக் கட்டத்தைத்தான் நம் பிள்ளைகளின் சட்டையிலும் காண்கிறோம்.

வளரும் பிள்ளை என்பதால் கைமுனையில் இரண்டு கட்டம் உள்ளே மடித்துத் தைக்கச் சொல்வது நமது வழக்கம். நமது பேரனுக்கு ஆறு வயதில் தைத்த சட்டையின் மடிப்பை ஏழு வயதிலும் பிரிக்க வேண்டியிருக்கவில்லை, எட்டிலும் வேண்டியிருக்கவில்லை. முதல் ஆண்டு, துணிச் செலவு மிச்சம் என்று மகிழ்ந்தோம். இரண்டாம் ஆண்டு, அளவெடுத்த தையற்காரர் பழைய அளவுச் சீட்டையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாதிருந்தார். அப்போதுதான் நமக்கு நெஞ்சு துணுக்குற்றது.

வயிறு உப்பும், அடிக்கடி கழியும், முகம் வெளுத்திருக்கும். இரும்புச் சத்து மருந்து கொடுத்தும் இரத்தம் ஊறவில்லை. இறுதியில் ஒரு மருத்துவர் இரத்தத்தைச் சோதித்து, சிறுகுடலிலிருந்து துணுக்கெடுத்தும் பார்த்து, 'சீலியாக்' என்னும் நோய் என்றார். கோதுமையில் உள்ள பசைப்புரதத்தை, அதாவது குளூட்டனை, இவ்வுடம்பு பகையெனக் கொள்கிறது. அந்தப் பகையில் குடலின் உட்சுவரே சிதைந்து, உண்ட உணவின் சத்து உடலில் சேராது போகிறது. ஹாலந்தில் 1944-45-ஆம் ஆண்டுகளின் பஞ்சக் குளிர்காலத்தில் ரொட்டி கிடைக்காதபோது இந்நோயுற்ற குழந்தைகள் தேறியதையும், ரொட்டி திரும்பியபோது மீண்டும் நலிந்ததையும் கவனித்த டிக்கே என்ற மருத்துவர், கோதுமையே காரணம் என்று 1950-இல் தமது ஆய்வேட்டில் எழுதினார். அரிசி உண்ணும் நம் பகுதியில் இந்நோய் வட இந்தியாவைவிடக் குறைவு. ஆதலால் எளிதில் நினைவுக்கு வருவதில்லை.

கோதுமையை நிறுத்தினோம். பிள்ளை தேறினான், ஒரு மாதத்தில் மீண்டும் வாடினான். வீட்டார் கலங்கினர். காரணம் நாமே! நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இல்லத்தில் நோயாளிக்கு வழங்கப்பெற்ற 'தல்பீனா' கஞ்சியின் சிறப்பைக் கிதாபுகளில் ஓதியவர்கள் நாம். பேரன் உடல் தேற வேண்டுமென்று, வைகறைதோறும் பார்லிக் கஞ்சியில் தேன் கலந்து நம் கையாலேயே புகட்டி வந்தோம். அரபியில் கோதுமை 'ஹின்த்தா', பார்லி 'ஷயீர்'. பெயர் வேறு, ஆகவே பொருளும் வேறு என்பது நமது வாதம்.

மருமகள்தான் மருத்துவர் தந்த தாளை நீட்டி, "மாமா, இதில் வாற்கோதுமையும் ஆகாது என்றல்லவா போட்டிருக்கிறது?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். வாற்கோதுமை! இரு மொழி கற்றவர் என்ற பெயர் நமக்கு. அந்தத் தமிழ்ச் சொல்லை ஒருமுறை நிதானித்து உச்சரித்திருந்தால், அதற்குள்ளேயே கோதுமை இருப்பது தெரிந்திருக்கும். கஞ்சியில் குறையில்லை, யாருக்கு எது ஆகும் என்று கேட்டறியாத நம்மிடமே குறை. அன்று மருமகளிடம் மன்னிப்புக் கேட்டோம்.

பின்னர் வீட்டையே சோதித்தோம். சேமியா, ரவை, மைதா ஆகியன வெளிப்படையானவை. கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருப்பது பலர் அறியாதது. கோதுமை அரைத்த இயந்திரத்திலேயே அரிசியை அரைத்தாலும் தீங்குதான். ஆகவே அரிசியைக் கழுவி உலர்த்தி வீட்டிலேயே அரைக்கலானோம். கடைப்பொருளில் 'குளூட்டன் இல்லாதது' என்று அச்சிட, அது ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது நம் நாட்டு விதி.

தம்மடைக்கு ரவை இன்றியமையாதது என்பர். அரிசி மாவில் செய்த முதல் தம்மடை மணலாய் உதிர்ந்தது. கோதுமையின் பசை செய்யும் வேலையை இங்கே முட்டையும் தேங்காய்ப்பாலும் செய்ய வேண்டும். வறுத்த அரிசி மாவு ஒரு கோப்பை, முட்டை நான்கு, சர்க்கரை முக்கால் கோப்பை, நெய் அரைக் கோப்பை, கெட்டித் தேங்காய்ப்பால் அரைக் கோப்பை, சிறிது ஏலம். முட்டையையும் சர்க்கரையையும் நுரைக்க அடித்து மற்றவற்றைக் கலந்து, மாவு ஈரத்தை உறிஞ்ச அரைமணி நேரம் வைத்து, மெல்லிய தணலில் சுட்டால் உதிராது. சூடு ஆறிய பின்னரே வெட்ட வேண்டும். வீட்டார் அனைவருக்கும் அந்த ஒரே தம்மடைதான்; பிள்ளைக்கென்று தனித் தட்டு வைத்து அவனை ஒதுக்குவதில்லை.

சட்டையைப் பற்றியும் சில சொற்கள். மெலிந்த பிள்ளைக்குச் சிறு கட்டமே பொருந்தும். பெருங்கட்டம் அவனை விழுங்கிவிடும். பொத்தான் வரிசையிலும் சட்டைப்பையிலும் கட்டங்கள் ஒன்றோடொன்று சேர வேண்டுமாயின், துணி சற்றுக் கூடுதலாக எடுக்க வேண்டும். சட்டை கட்டமானால் கீழே ஒற்றை நிறமே அழகு. கைத்தறிக் கட்டத்தை முதலில் தனியே குளிர்ந்த நீரில் அலசி நிழலில் உலர்த்துக. அமெரிக்காவில் 1960-களில், சாயம் போகும் மதராஸ் கட்டத்தை, சாயம் போவதையே பெருமையாக்கி விற்றார்கள்! நம் வீட்டு வெள்ளைத் துணிகள் அந்தப் பெருமையைத் தாங்கா.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளையின் வளர்ச்சி நின்றால் மருத்துவரிடம் செல்லுங்கள். சோதனைக்கு முன்னரே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள், நிறுத்தினால் நோய் மறைந்து நிற்கும். விருந்துக்கு அழைக்கும்போது, "உங்கள் பிள்ளைக்கு எது ஆகாது?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

இந்த ஐப்பசியில், "நன்னா, கை ஏறிப்போச்சு" என்று பேரன் சட்டையோடு வந்து நின்றான். மருமகள் மடிப்பைப் பிரித்தாள். வெயிலும் நீரும் படாதிருந்த அந்த இரண்டு கட்டங்களும் வாங்கிய நாளின் நிறம் மாறாமல் இருந்தன. அல்ஹம்துலில்லாஹ்.